அப்பாவின் தப்பும் கொரிய விருந்தாளியும்

கண்டிக்கு வருகின்ற விருந்தினருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது எனக்குப் பழகிப்போன வேலை. கொழும்பில் நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவனுக்கு நண்பர்கள் விரும்பி ஒப்படைக்கும் பொறுப்பு அது. தமிழகத்திலிருந்து எழுத்தாளர்கள் வருவார்கள்; கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினரின் உறவினர் வருவார்கள். வாவிக் கரையில் தொடங்கி, தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, ஹந்தானை மலைச்சரிவு என்று இரண்டு நாட்களில் முடித்துவிடுவேன். சொல்ல வேண்டிய கதைகளெல்லாம் எனக்கு மனப்பாடம். 2024 மார்ச் மாதத்தில் ஒரு கொரிய அம்மையாரை அழைத்துச் சென்றபோதுதான் அந்த மனப்பாடம் ஓரிடத்தில் தடைப்பட்டது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே எண்ணினேன். எழுத உட்காரும்போதெல்லாம் வேறு ஏதாவது வேலை வந்துவிடும். வராவிட்டால் நானே ஒன்றைத் தேடிக்கொள்வேன்.

அம்மையார் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கையின் மகன் தென் கொரியாவில் தொழில் செய்கிறான். 2004இல் இரு நாடுகளுக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தத்தின் பின்னர், நம் இளைஞர்கள் கொரிய மொழிப் பரீட்சை எழுதி அங்கே வேலைக்குச் செல்வது வழக்கமாகிவிட்டது. கண்டி நகரில் கொரிய மொழி வகுப்புகளுக்கான விளம்பரங்களைச் சுவர் சுவராகப் பார்க்கலாம். தோட்டத்து லயத்தில் பிறந்த எங்கள் பையனும் அப்படி ஒரு வகுப்பில் படித்துத் தேறியவன்தான். தென் ஜொல்லா மாகாணத்தில் பொசொங் என்ற ஊருக்கு அருகில் அவனுக்கு வேலை. அங்கே மாலை வேளைகளில் அவனுடைய கொரிய மொழியைத் திருத்திக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற இசை ஆசிரியை ஒருவர். அவன் விடுமுறையில் வந்தபோது, "உன் மலையைப் பார்க்க வேண்டும்" என்று அவரும் கூடவே புறப்பட்டு வந்துவிட்டார். அறுபத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடல், நரைத்த குட்டை முடி, தோளில் ஒரு துணிப்பை, பையில் ஒரு குறிப்பேடு. ஆங்கிலம் அவருக்குச் சிறிதளவே வரும். பையன்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளன்.

கொழும்புக் கோட்டையில் மூவரும் காலைப் புகையிரதம் ஏறினோம். ரம்புக்கனையைத் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும் அம்மையார் எழுந்து வாசலருகே போய் நின்றுகொண்டார். பக்கத்தில் பள்ளத்தாக்கு இறங்கிக்கொண்டே போகும். எதிரே பத்தலேகல பாறை ஒரு பெரும் பெட்டகம்போல் நிற்கும். குகை வழிகளுக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் பிள்ளைகள் கூச்சலிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கும் சலிக்காத வழி அது. கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல். ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும் அதே 1867இல். நான் வழமையாகச் சொல்லும் கதைகளில் இது முதலாவது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

அம்மையார் தலையாட்டவில்லை. "எங்கள் பொசொங்கும் தேயிலை ஊர்தான். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் தோட்டம் போட்டார்கள். யார் நட்டார்கள் என்று கேட்டால் அங்கேயும் முதலாளியின் பெயரைத்தான் சொல்வார்கள்" என்றார். பையன் அதைத் தமிழில் சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அடுத்த இருக்கையில் ஒரு குழந்தை "அப்பா, அப்பா" என்று தகப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்தது. அம்மையார் சட்டென்று திரும்பிப் பார்த்தார். கொரிய மொழியிலும் குழந்தைகள் தகப்பனை 'அப்பா' என்றே அழைக்கும். இதைக் கேட்டுப் புல்லரித்து, கொரியன் தமிழிலிருந்து பிறந்தது என்று எழுதுகிறவர்கள் நம்மில் உண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் நூறாண்டுகளுக்கு முன்பே கொரிய மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு நூலொன்று எழுதினார். இன்றைய மொழியியலாளர் அந்த உறவை ஏற்பதில்லை. நானும் ஏற்பதில்லை. இருந்தும், அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டு அவர் திரும்பிய விதம் மனதில் தங்கிவிட்டது.

ஏனெனில், அதற்கு அடுத்த கேள்வி என் அப்பாவைப் பற்றியதாக இருந்தது.

"உங்கள் தந்தையார் மேளக் கலைஞர் என்று பையன் சொன்னான். அவருடைய மேளத்தை நான் பார்க்க முடியுமா?"

நான் பையனைப் பார்த்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். என் அப்பாவை அவன் கண்டதேயில்லை. அவன் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அப்பா போய்விட்டார். தங்கை சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் எவரிடமும் சொன்னதில்லை. "கண்டி மேளம் உலகப் புகழ்பெற்றது. நாளை மாலை காட்டுகிறேன்" என்றேன். கேள்விக்கும் பதிலுக்கும் பொருத்தமில்லை என்பது அம்மையாருக்குப் புரிந்திருக்கும். அவர் மீண்டும் வெளியே பார்க்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை வாவியைச் சுற்றி நடந்தோம். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டுவித்த வாவி அது. சிங்களத்தில் அதைக் 'கிரி முஹுத' என்பார்கள். பாற்கடல் என்று பொருள். கரையில் முகில் வடிவில் வளைந்து வளைந்து செல்லும் வெள்ளை மதிலில் பாதிதான் முடிந்தது. அதற்குள் அரசே போய்விட்டது. கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட அந்த நாயக்கர் குல மன்னன் 1815இல் பிடிபட்டு, மறு ஆண்டு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். தமிழக நண்பர்களிடம் இதைச் சொன்னால் நெகிழ்ந்துபோவார்கள். அம்மையார் தங்கள் நாடு 1910இல் ஜப்பானிடம் போனதையும், கடைசி அரசர் தம் அரண்மனையிலேயே ஆட்சியின்றி வாழ்ந்து மாண்டதையும் சொன்னார். பிறகு தண்ணீரைக் காட்டி, "தோண்டியவர்கள் எவ்வளவு பேர்?" என்று கேட்டார். கட்டாய ஊழியத்தால் கட்டப்பட்ட வாவி என்பதும், அந்த ஊழியத்தால் குடிகள் வெறுப்புற்றனர் என்பதும் எனக்குத் தெரியும். எவ்வளவு பேர் என்று நான் தேடிப் பார்த்ததில்லை. இந்த அம்மாள் எதைக் காட்டினாலும் அதைச் செய்த கையைத் தேடுகிறாரே என்று அப்போது சற்று எரிச்சல்கூட வந்தது.

உணவு அந்த எரிச்சலைப் போக்கியது. கண்டியில் விருந்தினரை நான் பெரிய விடுதிகளுக்கு அழைத்துப்போவதில்லை. நகரத்துக்குள் சிங்களச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் மண்சட்டிகள் வரிசையாக இருக்கும், அங்கேதான். சிவப்பரிசிச் சோறு, பொலொஸ் எனப்படும் பிஞ்சுப் பலாக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், பருப்பு, நெத்தலிக் கருவாட்டுப் பொரியல், ஓரத்தில் கட்டைச் சம்பல். வெள்ளைக்காரர்கள் கட்டைச் சம்பலைக் கண்டால் தட்டைத் திருப்பி வைப்பார்கள். அம்மையார் அதை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, "கொச்சு" என்றார். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். மலையகத்தில் நாங்களும் மிளகாயைக் கொச்சிக்காய் என்றுதானே சொல்கிறோம்! கொரிய மொழியில் மிளகாய்க்குப் பெயர் 'கொச்சு'. இதையும் பிடித்துக்கொண்டு யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதாதிருக்கக் கடவது. மிளகாய் இரண்டு நாடுகளுக்குமே வந்தேறிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து புறப்பட்டு, போர்த்துக்கீசர் கப்பல்களில் நம்மிடம் வந்தது. கொரியாவை அது எட்டியது பதினாறாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில். அதற்கு முன் அவர்களுடைய கிம்சியில் மிளகாயின் சிவப்பு இல்லை. நம் சம்பலிலும் இல்லை. நாம் 'பாரம்பரிய உணவு' என்று மார்தட்டிக்கொள்வதற்கு வயது அவ்வளவுதான்.

சந்தைப் பக்கம் விற்ற அச்சாறும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. கித்துள் பாணி ஊற்றிய எருமைத் தயிரை மட்டும் பாதியில் வைத்துவிட்டார்.

மாலை ஐந்து மணிக்கு, சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்படும் கண்டிய நடனக் காட்சி ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். மயில் வன்னம், வெள்ளித் தகடுகள் மின்னும் வெஸ் அலங்காரம், தட்டுச் சுழற்றல், இறுதியில் தீ மிதிப்பு. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். கூட்டம் கைதட்டியது. அம்மையார் மேளக்காரர்களின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உண்மையில் நிமிர்ந்து உட்கார்ந்தது அதன்பிறகு, தலதா மாளிகையில், மாலைப் பூசைக்கான ஹேவிசி முழங்கத் தொடங்கியபோதுதான்.

அந்த ஒலியைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேளாதவர்களுக்கு எழுத்தால் விளக்க முடியுமா என்பது ஐயம்தான். இடையில் கட்டிய கெட்ட பெரயவின் ஒருபுறம் மாட்டுத் தோல், மறுபுறம் அதைவிட மெல்லிய தோல். ஒரே கருவியில் இரண்டு குரல்கள். தத், ஜித், தொங், நங் என்ற நான்கு அடிப்படைச் சொற்களிலிருந்து பிள்ளைகள் பாடம் தொடங்குவார்கள். கூடவே தவுலும், குச்சியால் அடிக்கப்படும் இரட்டைத் தம்மட்டமும். அவற்றுக்கு மேலே ஹொரனாவ என்ற சிறு குழல். நம் நாதசுரத்தின் தம்பி என்று சொல்லலாம். தங்கள் ஊரில் இதே போன்ற குழலுக்குத் 'தெப்யொங்சோ' என்று பெயர் என்றார் அம்மையார். பழைய மரக்கூரைக்குக் கீழே அந்த ஒலி காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் விழுகிறது.

முழக்கம் ஓய்ந்ததும், "அந்த வலப்பக்கத்து மேளக்காரரின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. எசல பெரஹராவைப் பற்றி முப்பது ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். யானைகளின் பெயர்களை எழுதியிருக்கிறேன். தியவதன நிலமேக்களின் பெயர்களை, விருந்தினராக வந்த அமைச்சர்களின் பெயர்களை எழுத்துப்பிழையின்றி எழுதியிருக்கிறேன். ஒரு மேளக்காரரின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. போய்க் கேட்டோம். அவர் கூச்சத்துடன் சொன்னார். தகப்பனுக்குத் தகப்பன் காலத்திலிருந்து இது தங்கள் குடும்பத்து ராஜகாரியம் என்றும், கோயில் நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாகச் செய்யும் ஊழியம் என்றும் சொன்னார். அம்மையார் அவர் பெயரைத் தம் குறிப்பேட்டில் கொரிய எழுத்தில் எழுதிக்கொண்டார்.

வெளியே வாவிக் கரையில் அமர்ந்து அவர் சொன்னவற்றைப் பையன் நெடுநேரம் மொழிபெயர்த்தான். பொசொங் தேயிலைக்கு மட்டுமல்ல, பன்சோரி என்ற கதைப் பாட்டுக்கும் பேர்போன ஊர். ஒருவர் நின்று பாடுவார். மற்றொருவர் தரையில் அமர்ந்து 'புக்' என்ற மேளத்தை அடிப்பார். ஒரு கதையை முழுமையாகப் பாடப் பல மணி நேரமாகும். மேளக்காரரும் கேட்பவர்களும் இடையிடையே "ஒல்சிகு!" என்று குரல் கொடுப்பார்கள். அந்தக் குரல் இல்லாவிட்டால் பாட்டு நிறைவு பெறாதாம். 'முதலில் மேளக்காரன், பிறகே பாடகன்' என்பது அவர்களிடையே ஒரு வழக்கு. ஆனால் பழைய அரசாட்சியில் இந்தப் பாடகரும் மேளக்காரரும் மிகத் தாழ்ந்த சாதியினராகவே கருதப்பட்டனர். 1894இல் சட்டத்தில் அந்தப் பிரிவு ஒழிந்தது. மனங்களில் ஒழிய மேலும் பல காலம் சென்றது. 1964இல் அரசு பன்சோரியை நாட்டின் கலைச் செல்வமாகப் பதிந்தது. 2003இல் யுனெஸ்கோ அதை ஏற்றது.

"என் தாத்தா மேளம் அடித்தவர். என் அம்மா அதை என்னிடம் மறைத்தார். இசைக் கல்லூரிக்கு நான் போன பிறகுதான், பயந்து பயந்து சொன்னார்" என்றார் அம்மையார். பின்பு, வழக்கம்போல, என்னைப் பாராமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "உங்கள் தந்தையாரின் மேளம் எது?" என்று கேட்டார்.

"தப்பு" என்றேன்.

அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில் நான் உச்சரித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

என் அப்பா ஹந்தானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரட்டுத் தப்பு அடித்தவர். தோட்டத்து வாழ்க்கை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது. விடிவதற்கு முன், பனி இறங்கிக்கொண்டிருக்கும்போதே, அப்பா எழுந்து அடுப்படியில் தப்பைக் காய்ச்சுவார். மர வளையத்தில் இழுத்துக் கட்டிய தோல் இரவுக் குளிரில் தொய்ந்துவிடும். சூடு காட்டினால்தான் குரல் வரும். பிறகு கம்பளியைத் தலையில் போர்த்துக்கொண்டு வெளியே போவார். லயங்கள் விழித்துக்கொள்ளும். கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை எல்லோருடைய நாளும் அப்பாவின் குச்சியிலிருந்தே தொடங்கியது. பின்னாளில் அந்த வேலையைச் சங்கு எடுத்துக்கொண்டது. ஆனால் மாரியம்மன் திருவிழாவுக்கும், மாசியில் காமன் கூத்துக்கும், பொன்னர் சங்கருக்கும், கல்யாணத்துக்கும், சாவுக்கும் தப்புதான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. மூடுபனிக்குள் மறு மலையிலிருந்து ஒலி வந்தால், அது எந்த வீட்டுக் காரியம் என்பதை அடியைக் கொண்டே அம்மா சொல்லிவிடுவாள்.

நகரத்துப் பாடசாலை ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. அங்கே என் பெயர் ஒரு மாதத்துக்குள் 'தப்பு' ஆகிவிட்டது. கணக்கில் பிழை விட்டால் ஆசிரியர் "தப்பு" என்பார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். இப்போது நினைத்தால் சிறுபிள்ளை விளையாட்டுப்போல் தோன்றுகிறது. பன்னிரண்டு வயதில் அப்படித் தோன்றவில்லை. தப்பு அடிப்பவன் என்றால் என்ன சாதி என்பது அந்தச் சிரிப்பிலேயே இருந்தது. கொழும்புக்குப் போய்ப் பத்திரிகையில் சேர்ந்த பிறகு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் "தோட்டத்தில் வேலை" என்றேன். அது பொய்யன்று. பத்திரிகையாளன் எதை எழுதாமல் விடுகிறானோ அதைக் கொண்டும் பொய் சொல்லலாம் என்பதை அந்தத் தொழில் எனக்கு நன்றாகக் கற்றுத்தந்தது.

அப்பா 1984இல் காலமானார். கொழும்பிலிருந்து சக பத்திரிகையாளர் நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். முந்திய ஆண்டின் வன்செயல்களுக்குப் பின் அத்தனை தூரம் பயணம் செய்து வருவது சிறிய காரியமன்று. அயல் தோட்டங்களிலிருந்து தப்புக்காரர்கள் நான்கு பேரும் வந்தார்கள். ஒரு காலத்தில் இருபது பேர் வந்திருப்பார்கள். 1964 ஒப்பந்தத்தின் பிறகு, அப்பாவின் கூட்டாளிகளில் பெரும்பாலோர் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போய்விட்டார்கள். மிஞ்சிய நால்வரும் பாதையோரம் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நான் போய், "அடிக்க வேண்டாம்" என்றேன். காலம் சரியில்லை, சத்தம் வேண்டாம் என்று காரணமும் சொன்னேன். அது காரணமன்று என்பது அவர்களுக்கும் தெரியும். எதுவும் பேசாமல் தீயைக் காலால் மிதித்து அணைத்துவிட்டுப் போனார்கள். வாழ்நாளெல்லாம் ஒரு மலையையே எழுப்பியவர் சத்தமின்றிப் போனார்.

அதன்பின் நான் கூத்தைப் பற்றி எழுதினேன். பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கிராமத்துக் கூத்தை 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்ததை, கர்ணன் போரையும் இராவணேசனையும் பற்றி, எத்தனையோ பத்திகள். சரத்சந்திரவின் மனமே நாடகம் தமிழ்க் கூத்து மரபுக்குக் கடன்பட்டது பற்றி எழுதினேன். நாட்டார் கலையை மதிக்காத சமூகம் உருப்படாது என்றெல்லாம் தலையங்கம் தீட்டியிருக்கிறேன். தப்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

இத்தனையையும் வாவிக் கரையில் வைத்து நான் சொல்லவில்லை. "தப்பு" என்ற ஒரு சொல்லையும், "நாளை பார்க்கலாம்" என்பதையும் மட்டுமே சொன்னேன்.

மறுநாள் ஹந்தானைக்கு முச்சக்கர வண்டியில் ஏறினோம். வழியில் தேயிலை நூதனசாலை. 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலையைச் செப்பனிட்டு 2001இல் திறந்தார்கள். ஆங்கிலேயர் காலத்து இயந்திரங்கள் எண்ணெய் பூசி நிற்கின்றன. அதற்கு மேலே பாதை குறுகும். ஒருபுறம் கீழே கண்டி நகரம் சிறு கிண்ணம்போல் கிடக்கும். தொலைவில் நக்கிள்ஸ் மலைத்தொடர் நீலமாய் மடிந்து மடிந்து எழும். மறுபுறம் காடேறிப்போன தேயிலை மலைகள். அம்மையார் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு தளிரைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார்.

தங்கை வீட்டில் கோதுமை ரொட்டியும், மாசிக் கருவாடு போட்ட தேங்காய்ச் சம்பலும், சாயத் தண்ணீரும். தேயிலை ஊரில் பிறந்தவர் அல்லவா, முதல் மிடறிலேயே நிமிர்ந்து பார்த்தார். "இந்த மலைத் தேயிலையா இது?" என்று கேட்டார். "நல்லதெல்லாம் கப்பலேறிடும் அம்மா, நமக்குத் தூள்தான்" என்றாள் தங்கை. பையன் அதை மொழிபெயர்க்கத் தயங்கினான். நான் சொல்லச் சொன்னேன். தம் தாயார் வசந்தத்தின் முதல் கொழுந்தில் ஒரு பிடியை யாருக்கும் விற்காமல் வீட்டுக்கு என்று எடுத்து வைப்பார் என்று சொன்ன அம்மையார், ரொட்டியை நம்மைப்போலவே பிய்த்து, சம்பலை அள்ளி, மூன்று சாப்பிட்டார். தங்கைக்குக் கொண்டாட்டம்.

மாசிக் கடைசியில் காமன் கம்பம் ஊன்றியிருந்தார்கள். இருட்டியதும் கோயிலடிப் பொட்டலில் பிள்ளைகள் ரதி மதன் ஆட்டம் பழகிக்கொண்டிருந்தார்கள். சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்து, மூன்றாம் நாள் எழுந்து வருகிற கதை. மூன்று இளைஞர்கள் தப்பு அடித்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஒரு கல்லின் மேல், எண்பதை நெருங்கிய ஒருவர் அமர்ந்து தாளத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். பாதையோரம் தீயை மிதித்து அணைத்த நால்வரில் ஒருவர். மற்ற மூவரும் இப்போது இல்லை.

"வாங்க தம்பி" என்றார், முந்தாநாள் பிரிந்தவரைப்போல. "நம்ம கண்ணுக்குட்டிதானா கூட்டியாந்தது?" என்று பையனைத் தட்டிக்கொடுத்தார்.

அம்மையார் அவர் முன் தரையிலேயே அமர்ந்து தப்பை வாங்கிப் பார்த்தார். வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. இடக்கையில் நீண்ட மெல்லிய மூங்கில் குச்சி. தங்கள் ஜாங்கு மேளத்துக்கும் இப்படியே ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிய மூங்கில் என்று சொல்லி, குச்சிகளைக் கையில் பிடித்துக் காட்டினார். பிடி ஏறத்தாழச் சரியாகவே இருந்தது. பெரியவர் சிரித்தார். பெயரைக் கேட்டார் அம்மையார்; எழுதிக்கொண்டார். "இவங்க அப்பாதான் எனக்குக் கத்துக் குடுத்தது. அதையும் எழுதச் சொல்லு" என்றார் பெரியவர் பையனிடம். அப்பாவின் பெயரையும் அவர் எழுதிக்கொண்டார். அந்த வட்ட எழுத்துகளில் எது அப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

"என்ன அடி வேணும்?" என்று என்னைக் கேட்டார் பெரியவர்.

எனக்குக் குரல் வரவில்லை. அவரே சொன்னார். "காமன் ஊனியிருக்கையில சாவு அடி அடிக்கப்படாது. பெரட்டு அடிக்கிறேன், கேளுங்க. இப்ப அது எவனுக்கும் தெரியாது."

வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காட்டினார். விரலால் சுண்டிப் பார்த்தார். மீண்டும் காட்டினார். பிறகு எழுந்து நின்றார்.

அடி மெதுவாகத் தொடங்கியது. பனிக்குள் ஒருவர் கதவைத் தட்டுவதுபோல். பின் சற்று விரைந்து, மெல்லிய குச்சி இடையில் நுழைந்து, மலையின் மறுபுறம் மோதித் திரும்பி வந்த ஒலி அடுத்த அடியோடு கலந்தது. அடுப்பு வெளிச்சத்தில் கம்பளிக்குள்ளிருந்து நீண்ட இரண்டு கைகள் எனக்குத் தெரிந்தன. ஆட்டம் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். "ஒல்சிகு!" என்று அம்மையார் உரத்துக் குரல் கொடுத்தார். பெரியவர் அதன் பொருள் தெரியாமலே, தெரிந்தவர்போல, அடியை இன்னும் ஏற்றினார்.

முடிந்ததும் மூச்சு வாங்க உட்கார்ந்தார். நான் அவர் அருகில் அமர்ந்து, "அண்ணே, அன்னைக்கு அப்பா சாவுல…" என்று தொடங்கினேன். நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிப் பார்த்த வாக்கியம். அதற்கு மேல் அது நகரவில்லை.

"அத விடுங்க தம்பி" என்றார். குச்சிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு நாங்க நாலு பேரும் வீட்டுக்குப் போகல. பாலத்துக்கு அந்தப் பக்கம் எறங்கி, ஆத்தோரம் நின்னு, பொணம் எடுத்ததுலேருந்து குழி மூடுற வரைக்கும் அடிச்சோம். தண்ணிச் சத்தத்துல ஒங்களுக்குக் கேட்டிருக்காது."

அம்மையார் பையனின் தோளைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"சொல்லு" என்றேன்.